கங்காணியின் அலகு

விடியுமுன்னே பெரட்டுக்குக் கூப்பிடுவதுபோல் கத்துவதால்
அதற்குப் பேர் கங்காணி.
கொழும்பில் வேலைசெய்த வீட்டார் கனடா போனபோது
கூட்டோடு தூக்கி வந்தாள் கொழுந்தியா புவனலோசினி.
பாணும் பாலும் தின்று வளர்ந்த பறவை.
மேலலகு நீண்டு வளைந்து
கழுத்தைக் குத்துகிறது.
தினையை உருட்டுகிறதே தவிர
உடைக்க முடியவில்லை.

நான் கவ்வாத்துக்காரன்.
நாளைக்கு இருநூறு மரம்,
வாது பிளக்காமல் சாய்த்து வெட்டத் தெரிந்த கை.
ஒரு நொடி வேலை என்று கத்தியை எடுத்தேன்.
புவனா டோர்ச்சைப் பிடித்தாள்.
அலகுக்குள்ளே
ஒரு சிவப்பு இழை.

கத்தி எரவாணத்துக்குத் திரும்பியது.

அட்டன் மிருக வைத்தியர்
நுனியை மட்டும் மெல்ல அராவினார்.
"மிச்சத்தை அதுவே தேய்க்கட்டும்,
கடிக்க ஏதாவது கொடுங்கள்."

மருந்தடித்துப் பல வருசமாகி
காடாய்ப் போன ஏழாம் நம்பர் மலையில்
தேயிலைக் கவட்டை ஒன்று அறுத்தேன்,
கழுவி, அடுப்புக்கு மேலே காயவைத்தேன்.
நீர்கொழும்பு மீன்லொறிக்காரன்
கணவாய் ஓடு தந்தான், காசு வாங்கவில்லை.
பொகவந்தலாவைப் பனிக்குள்
கடலின் எலும்பொன்று
கம்பியில் தொங்கியது.

பத்து நாள் கங்காணி சீந்தவே இல்லை.
பதினோராம் நாள் மழை. அரைப்பேர்தான்.
ஈரச் சாக்கோடு காம்பராவுக்குள் நுழைகிறேன்,
கரகரவென்று ஒரு சத்தம்.
கூட்டுக்கடியில் விரித்த பழைய சம்பளச் சீட்டில்
மரத்தூளும் வெள்ளைப் பொடியும்.
மருதவீரன் என்ற என் பேரில்
'வீரன்' மட்டும்
மூடிப்போயிருந்தது.