ஆறு மீட்டர்

கார்த்திகையில் நாற்பது பேருக்குக் கண்புரை எடுத்தோம்.
மறுபரிசோதனைக்குச் சேலம் இறங்கி வந்தவர்கள் முப்பத்தோரு பேர்.
வராதவர்களை விட்டுவிட்டால்
எங்கள் ஆஸ்பத்திரிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.
சேர்த்தால் எவ்வளவென்று யாருக்கும் தெரியாது.
அதற்காக என்னை அனுப்பினார்கள்.

நாகலூர் பஸ்ஸில்
வளைவுக்கு வளைவு
மடியிலிருந்து நழுவியது சுருட்டிய அட்டை.

வெள்ளச்சி, அறுபத்திரண்டு, வலது கண்.
காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள்.
சில்வர் ஓக்கில் ஆணியடித்து அட்டையை மாட்டினேன்,
கயிறு பிடித்து ஆறு மீட்டர் அளந்து
சாக்கு விரித்து உட்காரவைத்தேன்.
"மூணு காலு எந்தப் பக்கம் நீட்டுது, கையால காட்டுங்க."
இரண்டு வரி காட்டினாள்.
மூன்றாவதுக்குள் மூடுபனி வந்துவிட்டது.

"தெரியலையே சாமி."
எனக்கும்தான் தெரியவில்லை.
மரமே தெரியவில்லை.

காத்திருந்தோம். மற்ற கேள்விகளுக்கு
வெளிச்சம் வேண்டாம்.

சொட்டு மருந்து ஆறு வாரம் விட்டீங்களா?
"நாலாம் நாளே தீந்துபோச்சு.
கண்ணுக்கு ஒரு சொட்டுன்னா கன்னத்துக்கு மூணு.
புடிச்சு விட ஆளு ஏது, மவன் திருப்பூர்ல."

வந்து சொல்லியிருக்கலாமே?
"பழம் பறிக்கிற மாசம்."
அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

அங்க உங்களை நல்லாப் பாத்துக்கிட்டாங்களா?
ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க.
"பச்சைச் சட்டை போட்ட பொண்ணு,
இப்ப சுருக்குனு இருக்கும்னு சொல்லிட்டுத்தான்
ஊசி போட்டா. அதுக்கு எத்தனை?"
ஐந்து என்று எழுதினேன்.
"ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுப்புனப்ப
இன்னொருத்தி வள்ளுன்னு விழுந்தா."
ஐந்தை அடித்து மூன்றாக்கினேன்.
"அவளும் பாவம், ரெண்டு நாளாத் தூங்கலையாம்."
மூன்றின் மேலேயே நின்றது பேனா.

மொத்தத்தில திருப்தியா?

பனிக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்தது.
"மேஸ்திரி கூடைக்குள்ள கையை விட்டுப்
பச்சைக்காயாப் பொறுக்கிப் போடுவான்.
தெனம் ரெண்டு கிலோ கழிவு எனக்கு.
போன வாரமும் விட்டான். துழாவுனான், துழாவுனான்.
ஒரே ஒரு காய்."

ஒண்ணுதானா?

"அதுவும் நான் வேணும்னே போட்டது.
ஒண்ணுமே கெடைக்கலைன்னா
மனுசனுக்குக் கோவம் வரும்ல."

பத்தே முக்காலுக்கு மரம் தெரிந்தது, பிறகு அட்டை.
மூன்றாம் வரி சரி. நான்காவதில் இரண்டு தப்பு.
ஆறின் கீழ் இருபத்துநாலு: 'சுமார்' என்ற கட்டம்.
காபிப் பழம் தொங்குவதோ
ஒரு கை தூரத்தில்.
அதை அளக்க நான் எதுவும் கொண்டுபோகவில்லை.

குறிப்புகள் என்ற கடைசிக் கோட்டில் எழுதினேன்:
மூடுபனி, நாற்பது நிமிடம்.
ஒரு காய், வேண்டுமென்றே.
படம் எடுத்து அனுப்பிவிட்டு நடந்தேன்.

கொளகூர் ஏற்றத்தில் சேலத்திலிருந்து போன்.
"என்னங்க இது, காய்? இதை எதுல சேர்க்கிறது?"
சொல்ல வாயெடுத்தேன், சிக்னல் போய்விட்டது.
அடுத்த பெயர் சடையன், இடது கண்.
கதவு பூட்டியிருந்தது.
நாங்கள் கொடுத்த கறுப்புக் கண்ணாடி
வேலிக் குச்சியில் மாட்டியிருந்தது,
ஒரு பக்கம் சில்லு இல்லாமல்.