இலக்கம் பதினேழு

பெயர் வேண்டாம், இலக்கம் போதும் என்றது ஆய்வுக்குழு.
ஆனாலும் பதினேழு, கதவைத் திறந்ததுமே
தன்னை ஃபலீல் என்று சொல்லிவிட்டார்.
மருதானையில் கடிகாரப் பட்டி விற்பவர்.
"எனக்கு ஒரு வருத்தமுமில்ல டொக்டர்.
வருத்தமில்லாத ஆள்தான் வேணுமாம் எண்டு மச்சான் சென்ன."

வெள்ளைக் கூழை நீட்டினாள் சமன்மலி.
"கிலின்ன."
விழுங்குங்கோ, என்றேன் நான்.
சுண்ணாம்பு மாதிரி என்றார்.
விழுங்கினார்.

திரையில் இறங்கியது வெள்ளை.
பாதி வழியில் உணவுக்குழாய் தன்பாட்டில் நெளிந்து,
புறக்கோட்டைச் சந்தில் லொறிக்கு ஒதுங்கும் நாட்டாமை போல
சற்றே நின்று, பிறகு வழிவிட்டது.
கீழே மெல்லியதாய் ஒரு வளையம்.
அதற்கும் கீழிருந்து, உதரவிதானத்துக்கு மேலே,
இரைப்பை ஒரு விரற்கடை எட்டிப் பார்த்தது.

சோறு சிக்குமா? இல்லை.
நெஞ்செரிவு? இல்லை.
இரவில் புளித்து ஏறுமா?
"நோன்பு திறக்கக்க கஞ்சிய மடக்கு மடக்கெண்டு குடிப்பன்.
ஒண்டுமில்ல."

இதுவரை பதினேழு பேர்.
ஏழு பேரில் ஏதோவொன்று.
கொட்டாஞ்சேனை ஆசிரியைக்குத் தொண்டையின் பின்னால் ஒரு திண்டு.
ஓய்வுபெற்ற ரயில் காட் ஒருவருக்கு
குழாய் முழுவதும் திருகாணி.
அவர் முதல் நாள் இரவு
இரண்டு பேருக்கான கொத்துரொட்டியைத் தனியே முடித்தவர்.

நோயாளியின் படமென்றால் எனக்குக் கஷ்டமில்லை.
அவர் சொன்ன நோவைப் படத்தில் தேடுவேன்,
கிடைத்ததும் பெயர் வைப்பேன்.
இவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.
கை மட்டும் பெயர் வைக்கத் துடிக்கிறது.

மாணவியாக இருந்தபோது
கிருலப்பனைச் சோதனைச் சாவடியில் ஒருவன்
என் அடையாள அட்டைக்கு டோர்ச் அடித்தான்.
பிறந்த இடத்தின் மேல் விரலை வைத்தபடி
வெகுநேரம் நின்றான்.
பருத்தித்துறை.
அவ்வளவுதான் இருந்தது அங்கே.

"ஏதும் தெரியுதா டொக்டர்?"

பொய் சொல்ல வரவில்லை.
ஒரு வளையம் இருக்கு, என்றேன்.
கனபேருக்கு இருக்கும், அவர்களுக்கே தெரியாது.
சாப்பாடு சிக்கினால் மட்டும் வாங்கோ.
தலையாட்டினார்.
சப்பாத்தைப் போடும்போது எச்சிலை விழுங்கினார்,
கவனமாக,
படியில் யாரோ இறங்கும் சத்தத்தைக்
காது கொடுத்துக் கேட்பவர் போல.

மூன்றாம் நாள் தொலைபேசி.
பின்னால் பஸ் ஹோர்ன், யாரோ விலை கேட்கிறார்கள்.
"டொக்டர், தண்ணி குடிக்கக்க
ஏதோ தடக்குற மாதிரி..."

படிவத்தை எடுத்தேன்.
அறிகுறிகள் என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதியிருந்தேன்,
நல்லவேளை, அல்லது கெட்டவேளை,
பென்சிலால்.