சீதாஃபல்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது
என்று சொன்னவர் யாரோ,
அவர் வீட்டில் மிக்ஸி இருந்திருக்காது.

நான் மறைத்திருக்கிறேன்.
ஆர்.கே.புரம் நாலாம் செக்டார், இரண்டாம் மாடி.
வாரம் இரண்டு கீற்று,
தோல் சீவி, குக்கரில் மூன்று விசில்.
தக்காளியோடும் எட்டுப் பல் பூண்டோடும்
ஓடவிட்டு எடுத்தால்
கடை சாஸ் தோற்றுப்போகும்.

குளிர்காலம் எனக்குக் கூட்டாளி.
இந்த ஊர்க் கேரட் சிவப்பு.
தக்காளிக்குள் அது போய் உட்கார்ந்துவிட்டால்
போலீஸ் நாய்கூடக் கண்டுபிடிக்காது.
ஏப்ரலில் சிவப்பு நின்றுபோய் ஆரஞ்சு வரும்.
சாஸ் வெளிறும்.
செழியன் முள்கரண்டியை
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பான்,
அடகுக்கடைக்காரர் மோதிரக் கல்லைப் பார்ப்பதுபோல.

ஏழு வயது.
பீன்ஸ் என்றால் புல். முட்டைக்கோஸ் காகிதம்.
பச்சையாய் ஒரு புள்ளி தெரிந்தால்
தட்டையே சுழற்றி வைப்பான்
புள்ளி என் பக்கம் வரும்படி.
பாஸ்தா மட்டும் உள்ளே போகும்.
அதிலும் சுருள்தான். குழாய் கூடாது,
குழாய்க்குள் எதையாவது
ஒளித்துவிடுவேனாம்.

அந்த ஏப்ரலில் கேட்டேவிட்டான்:
"இதுல என்னம்மா இனிக்குது?"

கல்யாணமாகி தில்லி வந்த புதிதில்
தள்ளுவண்டி சுனேரிலாலிடம்
சீத்தாப்பழம் என்று நினைத்து
சீதாஃபல் அரைக் கிலோ கேட்டேன்.
அவர் கத்தியை எடுத்து
பூசணியில் ஒரு கீற்று அறுத்துத் தந்தார்.
விழித்தேன்.
பழம் வேண்டுமென்றால் சரீஃபா என்று கேட்கணுமாம்.
பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.
ஒன்பது வருஷம் கழித்து
அந்த அவமானம் கைகொடுத்தது.

"சீத்தாப்பழம்" என்றேன்.
முழுப் பொய் இல்லை.
இந்தியில் அது உண்மை.

மூன்று வாரம் ஓடியது.
அப்புறம் அங்கத்.
பள்ளி வேனில் பக்கத்து சீட்.
அவன் அம்மா பூரிக்கு என்ன சப்ஜி கட்டித் தருவாள் என்று
நான் யோசித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மதியம், வெளியே அனல் காற்று.
ஷூவைக் கழற்றாமல்
சமையலறை வாசலில் வந்து நின்றான்.
அழவில்லை.
"சீதாஃபல்னா கத்தூ.
எனக்கு கத்தூ குடுத்திருக்க."
அவன் இந்தி
என் இந்தியைவிட நல்ல இந்தி.

பதினோரு நாள்
வெறும் பாஸ்தா, வெண்ணெய், உப்பு.
மிளகு வேண்டாம், கறுப்பாக இருக்கிறது.
மிக்ஸி சத்தம் கேட்டால் போதும்,
பென்சிலோடு ஓடி வருவான்.
தேங்காய்ச் சட்னிதான்டா என்று
மூடியைத் திறந்து காட்டுவேன்.
மோந்து பார்த்துவிட்டுப் போவான்.

பன்னிரண்டாம் நாள்
ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான்.
"நானே போடறேன்."
ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு
பூசணி ஏழு துண்டு, எண்ணிப் போட்டான்.
கேரட் நாலு. ஐந்தாவதைத் திருப்பி வைத்தான்.
மூடியை அழுத்திக் குமிழைத் திருகினான்.
உள்ளே எல்லாம் பெயர் இழந்து
ஒரே நிறமாகச் சுழல்வதை
நெற்றி முட்டக் குனிந்து பார்த்தான்.
மன்னித்தானா, தெரியாது.
சாப்பிட்டான்.

மேடை ஓரம் ஒரு கிண்ணம்.
தோல் நீக்கி வதக்கியது.
"இது?"
"கத்தரிக்காய்."
"அப்பாதான் அதைத் தொடமாட்டாரே."
நான் ஏற்கெனவே துடைத்த கரண்டியை
மறுபடி துடைத்தேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
கிண்ணத்தைப் பார்த்தான்.
"என்னுத முதல்ல தனியா எடுத்து வச்சிடு" என்றான்.
பிறகு கிண்ணத்தை அவனே
ஜாரில் கவிழ்த்தான்.

ரிங் ரோடு நெரிசலில் வெந்து
எட்டரைக்கு வந்த மனிதர்
இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.
"என்ன போட்ட இதுல? நல்லாருக்கே."
நான் வாய் திறக்குமுன்,
தட்டிலிருந்து தலை தூக்காமல்,
"சீத்தாப்பழம்ப்பா."