புகையென்று எழுதினேன்

மூன்று முறையும் நான்தான் எழுதினேன்: ஆஸ்துமா.
உலான்பாத்தரில் ஜனவரி மாதம்
யாருக்குத்தான் நெஞ்சு கரகரக்கவில்லை?
மலைச்சரிவில் கூடாரம் கூடாரமாய்
நிலக்கரி எரிகிறது. புகை மேலே போவதில்லை,
ஊரின் மேல் உட்கார்ந்துவிடுகிறது.
வரிசையில் முப்பது குழந்தைகள், முப்பது இருமல்.
அதில் ஒன்று இவீல். பதினோரு மாதம்.

மருந்தை உறிஞ்சவைத்தோம். கேட்கவில்லை.
மூச்சு உள்ளே போகையில் ஒரு சத்தம்,
வெளியே வருகையில் ஒரு சத்தம்,
துருப்பிடித்த கீல் போல.
அளவைக் கூட்டினேன்.
கேட்காத மருந்தும் ஒரு பதில் என்று
அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் முறை அப்பன் வந்தான், நியாம்சூரன்.
கரி லாரி ஓட்டுகிறவன்; அதற்கு முன் குதிரை பழக்கியவன்.
"பால் இறங்குகிறது டாக்டர்.
இறைச்சித் துணுக்கு கொடுத்தால் நீலம் பாரிக்கிறான்.
தூங்கும்போது தலையைப் பின்னால் எறிந்து
வில்லாய் வளைந்து கிடக்கிறான்."
பிறகு, சொல்லலாமா என்று யோசித்து:
"சுருக்கு விழுந்த குதிரை இப்படித்தான்
தலையைத் தூக்கும்."

பேரியம் கொடுத்தோம், ஸ்பூன் ஸ்பூனாக.
திரையில் வெள்ளை ஒழுக்கு இறங்கியது, இறங்கியது,
நடுவில் இடுங்கியது.
இடப்பக்கம் ஒரு பள்ளம், வலப்பக்கம் ஒரு பள்ளம்,
யாரோ இரு விரலால் கிள்ளிப் பிடித்ததுபோல.
எக்ஸ்ரே அறை த்சோல்மோன் பேச்சை நிறுத்தினாள்.
சி.டி. ஸ்கேன் மிச்சத்தைச் சொன்னது:
பெருந்தமனி வளைவு ஒன்றல்ல, இரண்டு.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
நடுவில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும்.

கருவில் எல்லோருக்கும் இரண்டு உண்டு.
ஒரு பக்கம் கரைந்துபோகும், நாம் கேட்காமலே.
இவனுக்குக் கரையவில்லை. அவ்வளவுதான்.
புகை இல்லை, தாய் தின்றது எதுவும் இல்லை.
அவளிடம் இரண்டு முறை சொன்னேன்.
மூன்றாம் முறையும் கேட்டாள்.

இடது விலாக்களின் நடுவே திறந்தார் தோல்கோர்.
சிறிய வளைவைக் கவ்வியால் பிடித்துக் காத்திருந்தார்.
"மணிக்கட்டு?"
துடிக்கிறது. இரண்டும்.
"கழுத்து?"
துடிக்கிறது.
"கால்?"
அதற்குப் பிறகே கத்தரி.
வெட்டிய முனைகள் தாமாகவே விலகி ஓடின.
எத்தனை இறுக்கம் அது என்று
அப்போதுதான் தெரிந்தது.

சத்தம் மறுநாளே போய்விடவில்லை.
நெரிபட்டு வளர்ந்த குழல், குருத்தெலும்பு தளர்ந்தது;
மாதங்கள் ஆகும் என்றேன்.
நியாம்சூரன் என் சொல்லை
இன்னொரு முறை நம்ப வேண்டியிருந்தது.
நம்பினான்.

ஜூனில் வந்தார்கள். நீலம் வானத்தில் மட்டும்.
ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டை ஒன்றை
இவீல் முழுதாகத் தின்று
கையை என் கோட்டில் துடைத்தான்.

அந்த மூன்று சீட்டுகளையும் கிழிக்கவில்லை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
என் கையெழுத்தோடு கிடக்கின்றன.
அடுத்த இருமல் உள்ளே வரும்போது
முதலில் அவற்றைப் பார்க்கிறேன்.
பிறகு கேட்கிறேன்:
பிள்ளை எப்படித் தூங்குகிறது?