வருகையின் நோக்கம்

குமுளியில் எங்கள் பஸ் நிற்பது தமிழ்நாட்டில்.
இறங்கி முப்பது எட்டு வைத்தால்
போர்டு எழுத்தெல்லாம் உருண்டுவிடும்.
பதினாறு வருஷமாய் தினம் இரண்டு தடவை
அந்தக் கேட்டைக் கடக்கிறேன்.
என் பெயரை யாரும் கேட்டதில்லை.
எப்போதாவது பைக்குள் கை விடுவார்கள்,
ரேஷன் அரிசி கடத்துகிறேனா என்று.
இருப்பது தயிர்சாதம்.
அதுவும் ரேஷன் அரிசிதான்,
வெந்துவிட்டதால் குற்றமில்லை.

டானுட்டே இருந்தது மாடியில், மூன்றாம் அறையில்.
ஊர் லித்துவேனியா என்றாள்.
ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு
கொஞ்ச நாள் அவள் தட்டைத் தனியாகக் கழுவினேன்.

கூட்டுவதும் விரிப்பு மாற்றுவதும் என் வேலை.
சாக்கோச்சன் முதலாளிக்குக் கண் மங்கியதும்
வெளிநாட்டார் படிவம் நிரப்புவதும் என் தலையில் விழுந்தது.
எங்கிருந்து வந்தார். அடுத்து எங்கே போகிறார்.
வருகையின் நோக்கம்:
சுற்றுலா.
முப்பத்தெட்டு தடவை எழுதியிருக்கிறேன்.

என்ன சுற்றினாள்?
படகுத்துறைக்கு ஒரே ஒரு தரம் போனாள்,
யானை வரவில்லை, அதோடு சரி.
கத்திரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்கினாள்.
மேரிக்குட்டி கடையில் கடன் சொன்னாள்.
பல் பிடுங்கிக்கொண்டு மூன்று நாள் கஞ்சி குடித்தாள்.
பக்கத்து வீட்டு வேலித் தகராறுக்குச் சாட்சி சொல்லப் போனவளை
‘நீங்க டூரிஸ்ட், இதுல வராதீங்க’ என்று
ஸ்டேஷனில் டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.
கேஸ் அவள் பேரில் கிடைக்காது,
சிம் அவள் பேரில் நிலைக்காது.
மொட்டைமாடித் தக்காளிகூட
என் பேரில்தான் காய்த்தது.

தொண்ணூறு நாள் கெடு.
எண்பதாம் நாளே பிரிட்ஜைக் காலி செய்ய ஆரம்பிப்பாள்,
ஊறுகாயை மட்டும் விட்டுவிட்டு.
கட்டிலடியில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டால்
நாய் சோறு தொடாது.
கொழும்பு. ஒரு தடவை காட்மண்டு. மறுபடி கொழும்பு.
மலிவான விடுதியில் நாலு நாள், அஞ்சு நாள்
ஒரு புதுத் தேதிக்காக மல்லாந்து கிடப்பாள்.
அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால்
‘மின்விசிறி’ என்பாள்.

திரும்பி வந்ததும்
வாசலில் நின்று விருந்தாளி மாதிரி மணி அடிப்பாள்.
அடிக்க வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

கடைசித் தடவை கொச்சியில்
ஒரு சின்ன வயசு அதிகாரி, மரியாதையான பையனாம்,
முத்திரைகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டிவிட்டுக் கேட்டிருக்கிறான்:
‘இன்னும் பார்த்து முடியலையாம்மா?’
இவள் மலையாளத்தில் பதில் சொன்னாள்.
அதுதான் வினையாகிவிட்டது.
சுற்றிப் பார்க்க வந்தவளுக்கு எதற்கு
இவ்வளவு சுத்தமான மலையாளம்?

அடுத்த விமானத்தில் திருப்பிவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து போன், விட்டு விட்டு.
கண்ணாடி, மேஜை இழுப்பறையில்.
பிரஷர் மாத்திரை, அடுப்புக்கு மேல் தட்டில்.
பின்னிக்கொண்டிருந்த போர்வை பாதியில் நிற்கிறது,
ஊசியை உருவிவிடாதே, எல்லாம் அவிழ்ந்துவிடும்.
நாயைப் பற்றி அவள் கேட்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.

கம்பத்தில் கூரியர் செலவு குறைவு என்றார்கள்.
பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன்.
அன்றைக்கென்று பார்த்து நிறுத்தினார்கள்.
கரடித்தோல் கனத்தில் ஒரு கம்பளிச் சட்டை.
அதை உதறிப் பார்த்தவன் கேட்டான்:
‘யாருது?’
தங்கியிருந்தவங்களுது.
‘டூரிஸ்டா?’
முப்பத்தெட்டு தடவை எழுதிய கைக்கு
தலையாட்டுவது பெரிய விஷயமில்லை.
‘மாடிவீட்டுக்காரங்க’ என்றேன்.
அடியில் அரிசி இருக்கிறதா என்று தடவிவிட்டு
போகச் சொன்னான்.

போர்வையை மட்டும் அனுப்பவில்லை.
ஊசி குத்தியபடியே என் அலமாரியில் இருக்கிறது.
மூன்றாம் அறைக்கு நாளை யாரோ வருகிறார்கள், இரண்டு இரவுக்கு.

மணி அடிக்கிறபோதெல்லாம்
நாய் எழுந்து நிற்கிறது.
பால்காரனிடம் சொல்லியிருக்கிறேன்,
இனிமேல் கூப்பிட்டால் போதும் என்று.