நாலு மணிக்குள்

எனக்கும் அவளுக்கும் பதினோரு நிமிட வித்தியாசம்.
அப்போதும் முதலில் வந்தவள் அவள்தான்.

விடியுமுன் ஒரே சைக்கிளில் கிளம்புவோம்.
கழனிவாசலில் நான் இறங்கிக்கொள்வேன், வேதியியல் டியூஷன்.
அவள் மிதித்துக்கொண்டே மைதானத்துக்குப் போவாள்.
திரும்பும்போது அவள் கணுக்கால்வரை செம்மண்,
என் விரல்களில் நீல மை.
அம்மா இரண்டுக்கும் ஒரே சோப்புத்தான் வைப்பாள்.

பன்னிரண்டாம் வகுப்பில்
பி.டி. பீரியடையெல்லாம் கணக்கு சார் எடுத்துக்கொண்டார்,
வருஷம் முழுக்க.
எனக்குச் சந்தோஷம்.
அவள் கடைசி பெஞ்சில் கால்விரல்களை மடக்கி மடக்கி
வகைக்கெழுவைப் பார்த்திருந்தாள்,
இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்பதுபோல.

இயற்பியல் செய்முறைத் தேர்வும் மண்டலப் போட்டியும்
ஒரே தேதியில் வந்தன.
வெர்னியரில் பூச்சியப் பிழை எழுதிக் கொடுத்துவிட்டு
சீருடைக்குள் ஜெர்சியோடு பஸ் ஏறினாள்.
எண்ணூறு மீட்டர். இரண்டாமிடம்.
“முதல்ல வந்தவளுக்கு அன்னிக்குப் பரீட்சை இல்ல” என்றாள்.
பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

கட்-ஆஃப்:
எனக்கு நூற்று எழுபத்தொன்றரை.
அவளுக்கு நூற்று நாற்பத்தொன்பது.
உள்ளூர்க் கல்லூரி எனக்கு இல்லையென்ற அதே பிரிவுக்கு
விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளைக் கூப்பிட்டது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் சொன்னேன்:
“நான் படிச்சேன். நீ ஓடினே. ஓடியே உள்ள போயிட்டே.”
அப்பா புதுவயல் அரிசி மில்லில் எடைமேடைக்காரர்.
லாரியைச் சரக்கோடு ஒருமுறை, வெறுமனே ஒருமுறை
நிறுத்துக் கழிக்கத் தெரிந்தவர்.
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
ரசம் கேட்டார்.

சான்றிதழ் சரிபார்ப்பு. மணி மூன்று பத்து.
மேசைக்காரர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.
கொப்புடைநாயகி, ஆதாரில்.
கொப்புநாயகி, இதில்.
‘டை’யைச் சேர்த்துத் தலைமையாசிரியர் முத்திரை வேண்டும்,
நாலு மணிக்குள்.
அவள் எழுந்தாள்.
“பேர் கூப்பிட்டா ஆள் இருக்கணும்மா” என்று
உட்கார வைத்துவிட்டார்.
சைக்கிள் பின்சக்கரத்தில் காலையிலிருந்தே காற்றில்லை.
ஆகவே நான் ஓடினேன்.

கல்லூரி ரோட்டின் நீளம் அன்றுதான் தெரிந்தது.
விலாவில் ஏதோ குத்தியது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்,
தார் சுட்டது, போட்டுக்கொண்டேன்.

செக்காலைத் தெருவொன்றில் சினிமாப் படப்பிடிப்பு.
வாடகை வீட்டு வாசலில் பொய்க் கல்யாணம்,
கயிறு கட்டி வழி மறித்திருந்தார்கள்.
மாப்பிள்ளை வேஷக்காரன் மண்டபத்தைவிட்டு ஓட வேண்டும்.
மூன்று முறை ஓடினான்.
மூன்று முறையும் ஒருவர் குடை பிடித்து
வேர்வை துடைத்துவிட்டார்.

பக்கத்துச் சந்து வழியாகப் போயிருக்கலாம்.
எனக்கு அது தெரியும்.
நின்றேன்.
ஒரு ‘டை’ இல்லாவிட்டால் என்ன ஆகுமென்று
கட்-ஆஃப் போடுகிறவன்போல் துல்லியமாக யோசித்தேன்.
இரண்டு நிமிடம். கூடவும் இருக்கலாம்.
நாலாவது டேக்குக்கு விசில் அடித்தார்கள்.
சந்துக்குள் பாய்ந்தேன்.

தலைமையாசிரியர் கிளம்பிக்கொண்டிருந்தார்.
மைப்பெட்டி காய்ந்திருந்தது,
இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்தினார்.
முத்திரை கொஞ்சம் சாய்ந்துதான் விழுந்தது.

திரும்பி வந்து படியில் குனிந்து முழங்காலைப் பிடித்தபோது
மூன்று ஐம்பத்தாறு.
படிவத்தை மேசையில் கொடுத்துவிட்டு வந்தாள்.
“நாப்பத்தாறு நிமிஷம்.
முத்திரைக்குப் பத்து விட்டாலும் முப்பத்தாறு.
போக வர நாலரை கிலோமீட்டர்.”
என் முதுகு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
“நடுவுல எங்கயோ நின்னிருக்கே.”

ஷூட்டிங் என்றேன்.
ம், என்றாள்.

உள்ளே யாரோ அவள் பெயரை
முழுசாக, ‘டை’யோடு கூப்பிட்டார்கள்.
போகிற போக்கில் சொன்னாள்:
“குனியாதடா. கையைத் தலைக்கு மேல வை.
அப்பத்தான் மூச்சு உள்ள போகும்.”