வெல்டுக்கு அடுத்த இரண்டு மில்லிமீட்டர்

ஜூரோங் தீவில் பாய்லரை அணைத்து
நான்கு நாள் ஆகிறது.
சுற்றியிருந்த காப்பை உரித்தால்
குழாய் இன்னும் வெதுவெதுப்பாக,
காய்ச்சல் விட்ட நெற்றி போல.

சாரத்தில் குத்தவைத்துத் தேய்க்கிறேன்.
நூற்றிருபது, இருநூற்று நாற்பது, அறுநூறு,
பிறகு வைரப் பசை,
என் மூக்கு அதில் தெரியும் வரை.
ஸுல்கிஃப்லி டார்ச் பிடிக்கிறார். நோன்பு,
எச்சில்கூட விழுங்க யோசிக்கிறார்.
"போதுமா?"
போதாது.

பஞ்சில் அமிலம் தொட்டு ஒற்றி
பத்து வரை எண்ணினால்
வெல்டின் எல்லை எழுந்து வருகிறது,
குளியலறைக் கண்ணாடியில்
என்றோ விரலால் எழுதியது
ஆவி பட்டதும் தெரிவது போல.
பிலிம் ஒட்டி, காயவிட்டு, உரிக்கிறேன்.
எஃகின் முகம் பதிந்த நகத்தளவு பிளாஸ்டிக்.
எட்டு இடம், எட்டு உறை.

பக்கத்தில் உளியால் குத்திய எண்: 27.
பழைய பதிவேட்டில் தேடினேன்.
பிச்சைக்கனி, சாயல்குடி.
எழுநூற்று அறுபது டிகிரியில் நான்கு மணி நேரம்
அவருடைய மூட்டைச் சூட்டில் வைத்து ஆற்றிய வரைபடம்,
கோடு ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

பெனோய் ரோடு ஆய்வகம், இரவு ஒன்பதே கால்.
நானூறு மடங்கு.

வெல்டு: சுத்தம்.
குழாய்: சுத்தம். மார்ட்டென்சைட்,
கிடத்தி அடுக்கிய கோரைக் கட்டு.
இரண்டுக்கும் நடுவே அந்த இரண்டு மில்லிமீட்டர்,
தான் உருகாமல்
உருகியதன் சூட்டை வாங்கிக்கொண்ட இடம்.
பாதி மாறி, மீதி மாறாமல் நின்றுவிட்டது.
மணிகள் பொடியாகி
பூட்டாய் இருக்க வேண்டிய கார்பைடுகள் கொழுத்துச் சோம்பி
எல்லைக் கோட்டில்

ஒரு துளை.
இன்னொன்று.
ஒரே கோட்டில் மூன்று,
பேருந்து நிறுத்தத்தில்
ஒருவரையொருவர் பாராமல் நிற்பவர்கள் போல.

ஊர்வு என்று இதற்குத் தமிழில் பெயர்.
எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.
இங்கே எறும்பும் இல்லை, தேய்மானமும் இல்லை.
எஃகே ஊர்கிறது, தனக்குள்,
ஐந்நூற்று அறுபத்தெட்டு டிகிரியில்,
தாங்கக்கூடிய சுமையைத் தாங்கியபடியே.
ஒரு லட்சத்து அறுபதாயிரம் மணி நேரம்
யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை.

மிஸ்டர் கோ போனில் கேட்கிறார்:
"யார் வெல்டு பண்ணியது?"
எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.
வெல்டில் ஒன்றுமில்லை, பக்கத்தில் என்கிறேன்.
"பக்கத்தில் என்றால்?"
சொல்கிறேன். அவர் மூச்சு கேட்கிறது.
"துளைகள் தனித்தனியாகவா, வரிசையாகவா?"

தனித்தனி என்றால்
அடுத்த ஷட்டவுன் வரை ஓடட்டும், மூன்று வருடம்.
வரிசை என்றால் அறுக்க வேண்டும்,
குழாய்க்கு ஜப்பானில் சொல்ல வேண்டும்,
அவர் மாடி ஏறி யாரிடமோ நிற்க வேண்டும்.
மேல்தோலில் இவ்வளவு தெரிந்தால்
உள்ளே எவ்வளவு என்று
நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுபடி எண்ணுகிறேன்.
தலைக்கு மேல் ஏர்கான் உறுமுகிறது,
நுண்ணோக்கியின் விளக்கு எரிகிறது.
இரண்டையும் இன்றிரவு ஓட்டுவது வேறேதோ குழாய்.
அதிலும் வெல்டு இருக்கும்.
வெல்டுக்கு ஒரு பக்கம் இருக்கும்.

ஆறாம் உறையில் நான்கு.
ஏழில் இருபத்தொன்று.
எட்டில் இரண்டு துளைகள்
தொட்டுக்கொண்டிருக்கின்றன. அல்லது வெளிச்சம்.
குவியத்தைத் திருகுகிறேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
தொட்டுக்கொண்டுதான்.

வரிசை, என்று எழுதினேன்.
வெல்டர் எண் கேட்ட கட்டத்தில் 27.
காரணம் கேட்ட கட்டம்
ஒரு சொல் கொள்ளும் அகலம்.
அதை விட்டுவிட்டு ஓரத்தில் பென்சிலால்:
மூட்டு நல்ல மூட்டு.

படிவத்தில் ஓரத்துக்கு மதிப்பில்லை. ஸ்கேன் செய்தால்
பென்சில் விழவும் விழாது.
பேனாவை எடுத்து அதன் மேலேயே எழுதினேன்.

உறைகளை அடுக்கி, விளக்கை அணைத்தேன்.
ஏர்கானை அப்படியே விட்டேன்,
பதினொன்றுக்கு அது தானாக நிற்கும்.